ஊசியில் எழுதிய ‘பரக்கா’



கலாசாலையில் படித்த நாளில் நிட்டிங்கும் குரோசேயும் ஒன்றென்றே நினைத்திருந்தோம். இல்லை. நிட்டிங்குக்கு இரண்டு ஊசி. வரிசைக் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை இறங்கிவிடும். நம்மட உம்மம்மாமார் தொப்பி பின்னும் குரோசேக்கு ஒற்றைக் கொக்கியூசி. அதில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான்.

நிட்டிங்கின் மிகப் பழைய துண்டுகள் கிடைத்தது இஸ்லாமியக்கால எகிப்தில். ஸ்பெயினில் 1275இல் இறந்த இளவரசர் பெர்னாந்தோவின் கல்லறைத் தலையணையில் ‘பரக்கா’ என்ற அரபுச் சொல்லைப் பின்னியிருக்கிறார்கள். குரோசே பரவியது 19ஆம் நூற்றாண்டில். 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் பலர் அதை விற்றே அடுப்பெரித்தார்கள்.

நிட்டிங்குக்கு 1589இலேயே இயந்திரம் வந்துவிட்டது. குரோசே இன்றும் கைவேலைதான். அதனால் பழகிய கை ஓய்ந்தால் வேலையும் ஓயும். வாவிக்கரை வீடுகளில் மூத்தவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துவோம்.