ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம்

1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்தினின்று புறப்பட்டு வாலாஜா ரோடு வந்து சேர்ந்தது. அவ்விருப்புப் பாதை நம் வட்டாரத்தின் வழியே செல்வது. சீட்டுக்குரிய பணத்தைக் கொடுத்தவன் எக்குலத்தவனாயினும் அவனை ஏற்றிக்கொள்ளும் வண்டி, இந்த மண்ணுக்குப் புதுமையான ஒன்றாகும். அதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே ஆண்டு ஜூனில், பம்பாய் மாகாணத்துத் தார்வாரில் ஒரு மகார் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பம் செய்தான். அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஒருவனைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகளெல்லாம் வெளியேறிப் பள்ளி பயனற்றுப் போகும் என்பது அரசு சொன்ன காரணம். இரயில் பெட்டியில் ஒட்டாத தீட்டு பள்ளித் திண்ணையில் மட்டும் எவ்வாறு ஒட்டிற்று என்று அன்று கேட்பார் இல்லை.

சோளிங்கர் இரயில் நிலையமே சோளிங்கர் ஊரில் இல்லை என்பதை நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஊர் ஓரிடம், நிலையம் ஓரிடம். இடையே சில மைல்கள். நம் பள்ளிக்கூடங்களின் கதையும் ஏறக்குறைய அத்தகையதே. பள்ளி இருந்தது, ஊரின் பெயரும் அதன் பலகையில் இருந்தது, ஆனால் நம் பிள்ளை சென்று சேரத்தக்க இடத்தில் அது இல்லை.

இச்சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என அன்பர்கள் கேட்டபோது, கல்வியின் பெருமையைப் பற்றிப் பொதுவாக எழுதுவதினும், பள்ளிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றி எழுதுவதே தக்கது என நாம் கருதினோம். கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்ற நமக்கு, மாணவர் வருகைப் பதிவேடு கற்பித்த வரலாறு அது.

வடாற்காட்டுச் சிற்றூர் எதனையும் எடுத்துக்கொள்க. ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருக்கும். நடுவே ஏரிக்கால்வாயோ, நஞ்சை வரப்போ, சுடுகாட்டுப் பாதையோ கிடக்கும். அளந்தால் இரண்டு பர்லாங்கு தேறாது. அந்த இரண்டு பர்லாங்கையும் ஒரு குழந்தை கடக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதே உண்மை. அக்காலத்துப் பள்ளிகள் பெரும்பாலும் கோயில் மண்டபத்திலும், ஊர்ச் சாவடியிலும், அக்கிரகாரத்து வீட்டுத் திண்ணையிலும் நடந்தன. அத்தெருவிலேயே நடக்கக் கூடாத பிள்ளை, அத்தெருவில் இருக்கும் பள்ளியில் படிப்பது எங்ஙனம்? சேர்க்கை மறுக்கப்பட வேண்டிய தேவையே எழவில்லை. இடம் ஒன்றே மறுத்துவிட்டது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக்கொள்ளவும் அதனால் இயன்றது. சாதி காரணமாக எவரையும் அரசுப் பள்ளியினின்று விலக்கலாகாது என்ற கோட்பாட்டை 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு மீண்டும் வலியுறுத்தியது. எதிர்ப்பு மிகுந்த இடங்களில் தனிப் பள்ளிகள் வைக்கலாம் என்றும் அக்குழுவே கூறியது. கோட்பாடு ஏட்டில் நின்றது; தனிப் பள்ளியே நடைமுறையாயிற்று.

சென்னை மாகாணத்தில் 1893ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிறந்த அரசாணை பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் எனப் போற்றப்பட்டது. பெரிய சேரிகளில் பள்ளி, பள்ளிக்குப் புறம்போக்கு நிலம், மாணவர்க்கும் ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கும் உதவித்தொகை என அது வகுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையும், அதன் பயனாக 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும், பாதிரிமார்களின் மனுக்களும் இதற்கு வழி கோலின. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தம் முதல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். நம் மாவட்டத்தில் ஸ்கடர் குடும்பத்தார் வேரூன்றச் செய்த அமெரிக்க ஆர்க்காடு மிஷன் சேரிக்குள்ளேயே பள்ளி வைத்தது. பள்ளி நம்மைத் தேடி வந்தது என்பது பெரிய காரியம். ஆயினும் அதே அளவில், ஊர்ப் பள்ளி ஊருக்கே உரியது என்ற எண்ணமும் அரசின் கையாலேயே உறுதி பெற்றுவிட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நினையாதவர் இன்றைய வழக்கைப் புரிந்துகொள்ள இயலாது.

ஊர்ப் பள்ளியை எட்டிய சிலரின் நிலையையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைக் குறிக்கின்றார். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் பள்ளிக்கு வெளியே தங்கிப் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்பினுள் செல்வாராம். மாலையில், உடன் படிப்போர் தொடர்ந்து வந்து வீட்டைக் கண்டுகொள்ளாதபடி விரைந்து நடப்பாராம். அந்தப் பிள்ளைக்குப் பள்ளியின் தூரம் மைல் கணக்கில் இல்லை என்பதை வாசகர் உணர்வர். பொதுச் சாலை, தெரு, கிணறு, அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கலாகாது என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவரே. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்ததையே பலரும் பேசுவர். நமக்கோ அந்தத் தெருத் தீர்மானமே பெரிதாகத் தோன்றுகின்றது. தெரு திறந்தாலன்றிப் பள்ளி திறவாது.

1919இல் அரசு கணக்கெடுத்துப் பார்த்தது. பொது நிருவாகத்தில் இருந்த பள்ளிகளில், பத்தில் ஒன்றுகூடப் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்று தெரிந்தது. அக்கிரகாரத்திலும் சாவடியிலும் நடந்த பள்ளிகளை எல்லாரும் வரக்கூடிய இடத்திற்கு மாற்றுமாறும், விலக்கு உள்ள இடத்தில் புதுக் கட்டடம் எழுப்பலாகாது என்றும் அதன்பின் கட்டளைகள் பிறந்தன. அப்போதுதான் சண்டை மூண்டது. வாடகைக்கு வீடு கொடுத்தவர், சேரிப் பிள்ளை வந்தால் வீட்டைக் காலி செய்க என்றார். பள்ளியைப் பொது இடத்திற்கு மாற்றினால் ஊரார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். பெற்றோரோ ஊராரின் நிலத்தில் கூலி வேலை செய்பவர். பிள்ளையைச் சேர்த்தால் மறுநாள் வேலை இல்லை. சேர்க்கைக்கு எதிராக ஒரு சொல்லும் எழுத்தில் வராமலே சேர்க்கை நின்றுபோகும் விந்தையை இந்நாட்டில்தான் காணலாம்.

அங்ஙனம் அடைபட்ட வழிக்கு மாற்றாகத் தோன்றியவையே லேபர் பள்ளிகள். 1920ஐ ஒட்டி அமைந்த லேபர் கமிஷனர் அலுவலகம் சேரிதோறும் மனைக்கட்டு, கிணறு, பள்ளி என அளித்து வந்தது. முதியோர் பலர் இன்றும் 'லேபர் இஸ்கூல்' என்றே சொல்வர். அத்துறை 1949இல் அரிசன நலத் துறையாயிற்று. பின்னர் ஆதிதிராவிடர் நலத் துறையாயிற்று. பலகையின் எழுத்து இரண்டு முறை மாறியது. பள்ளி நின்ற இடம் மாறவில்லை. ஊர்ப் பிள்ளை அங்கு வரவும் இல்லை.

நம் வடாற்காட்டார் இதற்குள் வேறொரு வழியும் கண்டிருந்தனர். கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் சென்றவர்கள் இப்பக்கத்துச் சேரி மக்களே. கூலி ரொக்கமாகக் கையில் வந்ததும், நிலக்கிழாரின் முகம் பாராமல் பிள்ளையைப் படிக்க வைக்கும் துணிவும் வந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்கொண்டதும் அம்மண்ணில்தான். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, தங்கவயலில் வளர்ந்த முனுசாமி என்னும் இளைஞரே பின்னாளில் சுவாமி சகஜானந்தர். தில்லையில் அவர் 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தில், பள்ளியோடு மாணவர் தங்கும் விடுதியும் இருந்தது. விடுதி என்பது வெறும் சோற்றுச் சாலை அன்று; தூரத்தை வெல்லும் கருவி. நடக்க முடியாத தெருவை நடக்காமலே பள்ளி சேர அதுவே வழி.

தமிழர் வாழ்ந்த பிற இடங்களிலும் இதே நோய்தான். யாழ்ப்பாணத்தில், உதவிப்பணம் பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று அரசு கட்டளையிட்டபோது, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிகளுக்குத் தீ வைத்தனர். பெஞ்சில் ஒரு சாண் இடம் தர மனமின்றிக் கூரையையே கொளுத்தினர்.

1954ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்க நாட்டில் டொப்பேகா நகரத்துக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி, அண்மையில் இருந்த வெள்ளையர் பள்ளியில் இடம் பெறாது, இரயில் தண்டவாளங்களைக் கடந்து சென்று பேருந்து ஏறித் தொலைவிலுள்ள கறுப்பர் பள்ளிக்குப் போய்வந்தாள். அவ்வழக்கில், பிரித்து வைப்பதே சமமின்மை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே 17இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நம் நாட்டில் காமராசர் முதலமைச்சராகி, அரை நாள் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். முந்நூறு பேர் வாழும் இடத்திற்கு ஒரு பள்ளி, ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி என்பது அக்காலத்து அளவுகோல். 1956இல் மதிய உணவும் வந்தது. நம் தலைமுறையின் அரசு ஊழியர் பலரும் அந்த ஒரு மைலின் பிள்ளைகளே.

அமெரிக்கத் தீர்ப்பின் பின்கதையையும் மறக்கலாகாது. வெள்ளையர் நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். டெட்ராய்ட் வழக்கில் 1974இல், புறநகர்ப் பள்ளி எல்லைகளைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்க ஆணையிட முடியாது என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டத்தால் போட்ட கோட்டை அழித்தவர்கள், வீட்டு விலையால் போட்ட கோட்டைத் தொடவில்லை.

நம்மூரில் அந்தக் கோடு இப்போது மஞ்சள் நிற வேனாக வந்து நிற்கின்றது. காலை ஏழரை மணிக்கு ஊர்த் தெருவில் வேன் வந்து, பிள்ளைகளை ஏற்றி, நெடுஞ்சாலை ஓரத்து ஆங்கிலப் பள்ளிக்குக் கொண்டுபோகின்றது. ஆம்பூர், இராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளின் வண்டிகள் அதற்கு முன்பே சேரித் தெருவில் வந்து தாய்மார்களை ஏற்றிச் சென்றிருக்கும். தாய் வேலைக்குப் போன வீட்டில், ஏழு வயதுப் பிள்ளை தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றது. ஒரு கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் ஓர் அளவு. லாரி ஓடும் சாலையைக் கடக்கும் அக்குழந்தைக்கு வேறு அளவு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டரும், நடுநிலைக்கு மூன்று கிலோமீட்டரும் குறித்தன. தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடம் ஏழைகளுக்கு என்று அச்சட்டம் கூறிற்று. அதற்கும் அருகில் குடியிருப்பதே தகுதி எனும்போது, பள்ளி எங்கே கட்டப்படுகின்றது என்பதைப் பொறுத்து நம் தெரு வட்டத்திற்குள் விழும் அல்லது விழாது. கட்டுபவர் அறியாமலா கட்டுகின்றார்? 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிப் பின் எல்லார்க்குமான மிதிவண்டித் திட்டத்தை இவ்விடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். சைக்கிள் வந்த பிறகு மேல்நிலை வகுப்புப் பெண்களின் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை குறைந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

இந்நிலையில் 2023 மார்ச்சு மாதத்து வரவு செலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்படப் பிற துறைப் பள்ளிகள் யாவும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழுவும் 2024 ஜூனில், பள்ளிப் பெயர்களினின்று சாதி அடையாளத்தை நீக்க வேண்டும், பள்ளிகளை ஒரே துறையின் கீழ் கொணர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம்மவருள்ளேயே இதில் இரு கட்சி உண்டு. பலகையில் சாதியைச் சுமந்த பள்ளி நம் பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்துகின்றது. போகட்டும் என்பார் ஒரு சாரார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளும் அவற்றின் நிலமும் முன்னோர் மனுப் போட்டுப் பெற்ற சொத்து. கைவிட்டால் மாணவர் தொகை குறைவு என்று காட்டி மூடிவிடுவர் என்பார் மறு சாரார்.

நாம் இரு சாராரையும் மதிக்கின்றோம். ஆயினும் நம் கருத்தை மறைப்பதற்கில்லை. பெயர் போகலாம், துறை மாறலாம், பள்ளி இடம் பெயரலாகாது. 'இணைப்பு' என்ற சொல் வரும்போதெல்லாம் சேரிப் பள்ளியை மூடி, நம் பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கு நடக்கச் சொல்வதே வழக்கமாக எண்ணப்படுகின்றது. ஊர்ப் பிள்ளை இரண்டு பர்லாங்கு நடந்து சேரிப் பள்ளிக்கு வரலாம் என்று எவரும் ஏன் வாய் திறப்பதில்லை? நல்ல கட்டடம், போதிய ஆசிரியர், ஆய்வகம் யாவற்றையும் அங்கே வைத்து, ஊர்த் தெருக்களையும் அப்பள்ளியின் எல்லைக்குள் சேர்த்து ஓர் ஆணை பிறக்கட்டும். வருவார்களா என்று நண்பர்கள் நகைக்கின்றனர். 2018இல் அவிநாசிப் பக்கத்தில் தாழ்த்தப்பட்ட பெண் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று பெற்றோர் தடுத்த நாடு இது என்பதை நாமும் அறிவோம். முதலாண்டில் ஒருவரும் வராதிருக்கலாம். 1919இலும் வரவில்லை. ஆனால் அன்று அரசு ஊராருக்கு அஞ்சித் தனிப் பள்ளி கட்டி ஒதுங்கிக்கொண்டது. இம்முறை அஞ்சாதிருக்க வேண்டியதும் அரசே.

அதற்கிடையில் சங்கத்தார் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம் வட்டாரத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் நிலம் பல, லேபர் துறை நாளில் கையகப்படுத்தியோ புறம்போக்கிலிருந்து ஒதுக்கியோ தரப்பட்டவை. எது எந்தப் புல எண், எத்தனை சென்ட், இன்று 'அ' பதிவேட்டில் எவ்வாறு பதிவாகி உள்ளது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் எடுத்து, சங்க அலுவலகத்தில் ஒரு கோப்பாக வைத்தல் வேண்டும். துறை மாற்றம் நடைமுறைக்கு வருகையில் முதலில் காணாமற் போவது அந்தக் காகிதமாகவே இருக்கும். கோடை விடுமுறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும், கணினி அறிந்த மாணவர் நால்வரும் முன்வருவாராயின் ஒரு மாதத்தில் முடியக்கூடிய பணி.