மாற்றுத்திறனாளிகளின் மின் வண்டியும் மின்கலமும்: வரலாறும் பராமரிப்பும்

நடக்க இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பிறர் துணையின்றிச் சென்றுவர உதவும் மின் வண்டிக்கு மின்கலமே (பேட்டரி) உயிர்நாடி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுடையது. இத்தகைய வண்டியில் மலையைச் சுற்றிவர விரும்புபவரின் முதல் கவலை, பாதி வழியில் மின்னூட்டம் தீர்ந்துவிடுமோ என்பதே.

தோற்றம்

1859-இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க காரீய-அமில மின்கலத்தை உருவாக்கினார். 1881-இல் கமீல் ஃபோர், தகடுகளின் மீது காரீயச் சேர்மப் பசையைப் பூசி அதன் கொள்திறனைப் பெருக்கினார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்காகக் கனடாவின் ஜார்ஜ் கிளைன் மின் சக்கர நாற்காலியை வடிவமைத்தார். 1968-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீம், தண்டுவட மரப்பு நோயுற்ற தம் குடும்பத்தினர் ஒருவருக்காக 'அமிகோ' என்னும் வண்டியைச் செய்தார். இவ்வகை வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் காரீய மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகின்றனர். இலித்தியம்-அயனி மின்கலம் 1991-இல் வணிகச் சந்தைக்கு வந்தது.

தமிழ்நாட்டில்

மின்கல ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. அழகப்ப செட்டியார் வழங்கிய நிலத்தையும் நிதியையும் கொண்டு, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. இதற்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் நிறுவனம் திறக்கப்பட்டது. 2021-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'நியோபோல்ட்' அறிமுகமானது. சக்கர நாற்காலியின் முன்புறம் பொருத்தப்படும் இம்மின் இணைப்பு, இலித்தியம் மின்கலத்தால் இயங்குகிறது. ஒருமுறை மின்னேற்றினால் 25 கி.மீ. வரை செல்லும் என அறிவிக்கப்பட்டது.

பராமரிப்பு

காரீய மின்கலம் மின்னிறங்கும்போது தகடுகளில் காரீய சல்பேட்டு படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். நாட்கணக்கில் விட்டுவிட்டால் படிகமாக இறுகிக் கொள்திறனைக் குறைக்கும். எனவே சிறு தூரமே சென்றாலும் அன்றே முழுமையாக மின்னேற்ற வேண்டும். 'முற்றிலும் தீர்ந்த பின்பே மின்னேற்ற வேண்டும்' என்ற கருத்து பழைய நிக்கல்-காட்மியம் மின்கலத்துக்கு உரியது; காரீயத்துக்கும் இலித்தியத்துக்கும் அது கேடு. மூடிய வகை மின்கலத்தைத் திறந்து நீர் ஊற்றக் கூடாது.

இலித்தியம் மின்கலத்தை நெடுநாள் பயன்படுத்தாவிடில் ஏறத்தாழ பாதி மின்னூட்டத்துடன் வைப்பது நல்லது. வெயிலில் ஓடிய வண்டியைச் சூடு தணிந்த பின்பே மின்னேற்ற வேண்டும். உப்பிய மின்கலத்தை மின்னேற்றக் கூடாது. ஒரு வகைக்குரிய மின்னேற்றியை மற்றொரு வகைக்குப் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். வீட்டின் வெளியேறும் வழியில் மின்னேற்றுவதும் தவறு.

தூரக் கணக்கு

புதிதாக 25 கி.மீ. ஓடிய மின்கலம் பாதித் திறனை இழந்தால் 12.5 கி.மீ. மட்டுமே ஓடும், கிரிவலம் முடிய 1.5 கி.மீ. இருக்கும்போதே வண்டி நின்றுவிடும். ஏற்றமும் எடையும் தூரத்தை மேலும் குறைக்கும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டருகே தெரிந்த தூரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டே நெடும்பயணம் புறப்பட வேண்டும்.

பழைய மின்கலத்தைக் குப்பையில் எறிந்தால் காரீயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை மறுசுழற்சிக்கு ஒப்படைக்க வேண்டும்.