நூறில் 4 இந்தியரிடம் இருக்கும் இதய ஜீன் மாற்றம்... பயப்பட வேண்டுமா? முழு விளக்கம்

"காலையில்கூட வயலுக்குப் போயிட்டு வந்தார், திடீர்னு மாரடைப்பு" என்று டெல்டா கிராமங்களில் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் திடீர் மரணம் எல்லாமே ரத்தக்குழாய் அடைப்பு கிடையாது. சிலருக்கு இதயத் தசையிலேயே பரம்பரைக் கோளாறு இருக்கும். அதன் பெயர் கார்டியோமயோபதி.

எந்தப் புரதம் காரணம்?

முக்கியமான ஒன்று, தசை சுருங்குவதைக் கட்டுப்படுத்தும் 'மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி'. இதை உருவாக்குவது மூன்று ஜீன்கள் கொண்ட குடும்பம். கை, கால் போன்ற எலும்புத் தசைகளில் மெதுவாக இயங்கும் வகைக்கு ஒன்று, வேகமாக இயங்கும் வகைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. இதயத்துக்கானது எம்.ஒய்.பி.பி.சி.3.

எப்படிப் பிரித்து அறிந்தார்கள்?

ஜீன் குளோனிங் மூலம். குளோனிங் என்றதும் டோலி ஆட்டை நினைக்க வேண்டாம். தசையில் உள்ள ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, பாக்டீரியாவுக்குள் வைத்து நகலெடுத்து, எழுத்து எழுத்தாகப் படிப்பதுதான் இது. மூன்றும் அண்ணன் தம்பி போல ஜாடையில் ஒத்திருந்தாலும் எழுத்து வரிசை வேறு. இதய ஜீனில் ஏற்படும் மாற்றம் பரம்பரை இதயத் தசை நோயைத் தரும் என்பது 1995-ல் உறுதியானது.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஆய்வு வெளியிட்டனர். இந்த ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட நிலை இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் உள்ளது. இதய நோயாளிகளிடம் இது பல மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு.

அப்போ 4 பேருக்கும் நோய் வருமா?

வராது. 2020-ல் வெளியான மறுஆய்வு, இதயத் தசை தடித்துப்போகும் நோயில் இந்த விடுபடல் மட்டுமே காரணம் அல்ல என்றது. அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு பிரிவினருக்கே ஆபத்து அதிகம். 25 எழுத்து விடுபட்டவர்களில் அவர்கள் ஒரு சிறு பகுதிதான்.

யார் கவனமாக இருக்கணும்?

* குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால்
* வேலை செய்யும்போது மயக்கம், மூச்சுத்திணறல், படபடப்பு வந்தால்
* பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால்

பெற்றோரில் ஒருவருக்கு நோய் தரும் ஜீன் மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. எனவே இதய மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி., எக்கோ எடுப்பதுதான் முதல் படி. ஜீன் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்வார். முக்கியமாக, குடும்பத்தில் நடந்த திடீர் மரணங்களை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.