கிளேர் மோர்கன் என்ற புனைபெயர்

குற்றக்கதை எழுத்தாளரென்றே அறியப்பட்ட அமெரிக்கரான பற்றீசியா ஹைஸ்மித், தமது கடைசிக் காலத்தைச் சுவிசின் திச்சினோ மாநிலத்தில் கழித்து, 1995 பெப்ரவரியில் லொகார்னோவில் மறைந்தார். இரண்டு விடயங்களை அவர் நெடுங்காலம் மறைத்திருந்தார்.

ஒன்று தொழில். 1942 இன் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் நியூயோர்க்கில் முகமூடி வீரர்களின் சித்திரக்கதைகளை எழுதிப் பிழைத்தார். பின்னர் அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தார். ஆயினும் 1955 இல் வெளியான நாவலில் ரிப்ளி ஏமாற்றும் ஆட்களில் ஒருவன் சித்திரக்கதை ஓவியன்.

மற்றது காதல். இரு பெண்களின் காதலைத் தண்டனையில் முடிக்காத நாவலை 1952 இல் கிளேர் மோர்கன் என்ற பெயரில் வெளியிட்டார். சுவிசில் வயதுவந்தோரின் தற்பாலுறவு 1942 முதல் குற்றமல்ல. இங்கு குடியேறிய பின்னரும் அந்நாவலுக்குத் தன் பெயரையிட அவருக்கு 1990 வரை சென்றது. சட்டம் விலகினாலும் சமூகத்தின் கண் விலகுவதில்லை.

முதலாவதை மறைத்தது வெட்கம். இரண்டாவதை மறைத்தது அச்சம். அவரது நாட்குறிப்புகள் இன்று பேர்ண் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எங்கள் சஞ்சிகைகளிலும் புனைபெயர்கள் ஏராளம். துப்பாக்கிக்கு அஞ்சி வைத்தவை அவை, அதில் வெட்கமில்லை. ஆனால் தற்பாற் காதலை எழுத வரும் ஒருவர் எங்களுக்கு அஞ்சியே பெயரை மறைப்பாராயின், அங்கே அச்சுறுத்துபவர்கள் நாங்கள்தான்.