ஹான்சாக் கூட்டின் இணைப்பாளர் ஹைன்ரிக் சூடர்மான்

மத்தியகால வட ஐரோப்பிய வணிகத்தைப் பற்றி எழுதுவோர் ஹான்சாக் கூட்டினை ஓர் அரசு போலச் சித்திரிப்பது வழக்கம். பால்டிக் கடலிலும் வட கடலிலும் மெழுகு, உரோமத் தோல், உலர்மீன், தானியம், கம்பளித் துணி ஆகியவற்றின் போக்குவரத்தை அது பல தலைமுறைகளாகத் தன்வயப்படுத்தியிருந்தது. டென்மார்க் மன்னனோடு பொருது 1370ஆம் ஆண்டில் ஸ்திரால்சுண்ட் உடன்படிக்கையையும் பெற்றது. ஆகவே அத்தகைய தோற்றம் எழுவது இயல்பே. எனினும் உள்ளே நோக்கின் அரசுக்குரிய உறுப்பு எதனையும் ஆங்குக் காண்டல் அரிது. நிலையான படை இல்லை. பொதுத் திறைசேரி இல்லை. பொது இலச்சினைதானும் இல்லை. இருந்தவை சபைகள் மட்டுமே.

ஒவ்வொரு நகரத்திற்கும் ஒரு நகரசபை இருந்தது. அயல் நகரங்கள் பிரதேசவாரியாகக் கூடின. இலண்டன், புரூஜ், பேர்கன், நொவ்கொரொட் ஆகிய நான்கு இடங்களிலும் இருந்த வணிகர் குடியிருப்புகள் தத்தமக்கென மூப்பர்களைத் தெரிந்தெடுத்தன. புரூஜ் குடியிருப்பு 1347ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1356 முதல் பெரும்பாலும் லூபெக் நகரிற் கூடிய பேரவை விளங்கிற்று. ஆயின் மேலாக என்னும் சொல்லை அளவறிந்தே வழங்கல் வேண்டும். பேரவைக்கு வந்த பிரதிநிதிகள் பலர், முக்கியமான விடயம் எழுந்தபோதெல்லாம், தம் நகரசபையைக் கேட்டே விடை கூற இயலும் என்றனர். அச்சபை ஒப்பினாலன்றித் தீர்மானம் அந்நகரத்தைக் கட்டுப்படுத்தவில்லை. வராத நகரங்களின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

இதனை வெறும் குறைபாடாகக் கொள்வதும் பொருந்தாது. 1468ஆம் ஆண்டில், ஆங்கிலக் கப்பல்கள் டென்மார்க்கில் கைப்பற்றப்பட்டமைக்கு ஈடாக, இலண்டனிலிருந்த ஹான்சா வணிகரை ஆங்கில அரசு சிறையிட்டுப் பொருள்களையும் பறித்தது. அதற்கு மறுத்துரைத்த ஹான்சாத் தரப்பினர், தாம் ஒரு சங்கமும் அல்லர், ஒரு கூட்டுடைமையும் அல்லர், ஆதலின் ஒருவர் செயலுக்கு மற்றொருவர் பொறுப்பாகார் என 1469இல் வாதிட்டனர். உறுப்பு நகரங்களின் முழுமையான பட்டியலை ஆங்கிலேயர் கேட்டபோதும் அதனைத் திட்டமாகக் கொடாது தட்டிக் கழித்தனர். உருவம் இல்லாமையே அவர்தம் கவசமாயிற்று.

பதினாறாம் நூற்றாண்டில் அக்கவசம் பயனற்றுப் போனது. நொவ்கொரொட் குடியிருப்பை மொஸ்கோ மன்னன் மூன்றாம் இவான் 1494இல் மூடினான். புரூஜின் வணிகம் அன்ட்வேர்ப்புக்குப் பெயர்ந்தது. 1552இல் ஆறாம் எட்வேட்டின் அரசு இலண்டன் சலுகைகளை நீக்கியது; மேரி அரசி அவற்றை மீளவழங்கினும் பழைய உறுதி திரும்பவில்லை. வலிமை பெற்ற முடியரசுகளோடு பேச ஒரே குரல் தேவைப்பட்டது. எனவே 1556ஆம் ஆண்டில், கொலோன் நகரத்துச் சட்ட அறிஞரான ஹைன்ரிக் சூடர்மான் கூட்டு முழுவதற்கும் பொதுவான சின்டிக் என்னும் பதவிக்கு நியமிக்கப்பட்டார். முன்னர் இங்கிலாந்தோடு தனித்து உறவாடியதற்காக 1471இல் கூட்டிலிருந்து விலக்கப்பட்டு, 1476இல் மீண்டும் சேர்க்கப்பட்ட நகரம் கொலோன். அந்நகரின் மைந்தரிடமே ஒற்றுமை காக்கும் பணி ஒப்படைக்கப்பட்டமை நோக்கற்பாலது.

சூடர்மானின் பணி யாது? பேரவைக்குரிய விடயங்களை ஆயத்தஞ்செய்தல், நகரசபைகளுக்கும் வெளிநாட்டுக் குடியிருப்புகளின் மூப்பர்க்குமிடையே செய்தி கொண்டு செல்லல், அரசவைகளிற் பேசுதல், சிதறிக்கிடந்த உரிமைப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தல் ஆகியன. கூட்டின் வரலாற்றை எழுதும் பொறுப்பும் அவருக்கு அளிக்கப்பட்டது. இவரைத் தூதுவர் என்றால் முழுதும் பொருந்தாது. தூதுவனுக்குப் பின்னால் ஓர் அரசன் இருப்பான். இவருக்குப் பின்னால் இருந்தவை, தம்முள் ஒவ்வாத பல சபைகள். வெளியாரை இணங்கச் செய்து மீண்டபின், அனுப்பியோரை இணங்கச் செய்வதே இவருக்குக் கடினமாயிற்று. 1557இல் நகரங்களைப் பிணைக்கும் ஒப்பந்தம் ஒன்று வரையப்பட்டு ஆண்டுப் பங்குப்பணமும் ஏற்கப்பட்டது. பல நகரங்கள் அதனை ஒழுங்காகச் செலுத்தவில்லை.

இரு நிகழ்ச்சிகள் இந்நிலையைத் தெளிவுறக் காட்டுவன. அன்ட்வேர்ப்பில் வணிகர் ஒருங்கே தங்குதற்கெனச் சூடர்மானின் முயற்சியால் 1564 முதல் 1568 வரை ஒரு மாபெரும் மாளிகை கட்டப்பட்டது. சிற்பி கோர்னெலிஸ் புளோரிஸ் அதனை அமைத்தார். வணிகரோ நகரிலே விரும்பிய இடத்திற் குடியிருந்து பழகியவர். பொது விடுதியின் பழைய கட்டுப்பாட்டிற்குள் மீண்டும் புக அவர்கள் விரும்பவில்லை. கடன் மிஞ்சிற்று. பின்னர் நெதர்லாந்துக் கிளர்ச்சியும் 1576இல் ஸ்பானியப் படை நடத்திய சூறையாடலும் அந்நகர வணிகத்தையே குலைத்தன.

மற்றையது ஹம்பர்க் நகரின் செயல். ஆங்கிலத் துணி வணிகச் சங்கத்தினர்க்குப் பத்தாண்டுக் குடியிருப்புரிமையை அந்நகரசபை 1567இல் தனித்தே வழங்கியது. பொது நலனுக்கு இஃது ஊறு என லூபெக் எதிர்த்தது. ஆனால் துணி வணிகத்தால் ஹம்பர்க் பெற்ற வருவாய் கண்கூடானது, பொது நலனோ கடிதங்களில் மட்டுமே இருந்தது. ஹம்பர்க் மக்களைக் குறைகூறுவது எளிது. அந்நகரசபையின் இடத்திலிருந்து நோக்குவோர்க்கு அம்முடிவு விளங்காததன்று. எவ்வாறாயினும், ஹான்சா நகரங்களில் ஆங்கிலேயர் பெறும் உரிமையே இலண்டனில் ஹான்சா வணிகர்க்கும் என்று கேட்ட எலிசபெத் அரசியின் முன்னிலையில், எல்லா நகரங்களின் சார்பிலும் ஒரே விடையை வைக்கச் சூடர்மானால் இயலவில்லை. மற்றை நகரங்களின் நெருக்குதலால் 1577இல் ஹம்பர்க் அவ்வுரிமையைப் புதுப்பிக்காது விட்டது. அதனாற் சினந்த ஆங்கில அரசு இலண்டன் சலுகைகளை மேலும் குறைத்தது.

சூடர்மான் 1591இல் இறந்தார். வரலாறு எழுதும் பணி முற்றுப்பெறவில்லை. அவர் திரட்டி நிரற்படுத்திய ஆவணங்கள் பிற்கால ஆய்வாளர்க்குப் பயன்பட்டன. 1598ஆம் ஆண்டில் எலிசபெத் அரசி தேம்ஸ் கரையிலிருந்த ஹான்சாக் குடியிருப்பை மூடுவித்தார். அப்போது சின்டிக் பதவி வெறுமையாக இருந்தது. 1605இலேயே யொகான் டோமான் அதற்கு அமர்த்தப்பட்டார்.