சிறுவயதுத் தனித்துறைப் பயிற்சி

பதின்ம வயதுக்கு முன்னரே ஒரு விளையாட்டைத் தெரிவுசெய்து, மற்றவற்றைக் கைவிட்டு, ஆண்டு முழுவதும் அதையே பயில்வது தனித்துறைப் பயிற்சி எனப்படும். இதற்கு எதிர்நிலை, பருவத்துக்கொன்றாகப் பல விளையாட்டுகளில் வளர்வது. பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் இந்த இரண்டாவது வழி எவரும் வகுத்த கொள்கையன்று. ஆள் போதாமையால் வந்தது. சிறிய பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓடும் பிள்ளையே நீளம் பாய்வாள், அஞ்சலோட்டத்தில் கடைசிக் கோலையும் வாங்குவாள். பெருவிளையாட்டுக் காலம் வந்தால் வலைப்பந்திலும் எல்லேயிலும் அவள்தான். இதை வசதிக் குறைவின் அடையாளமாகவே பலர் பார்க்கிறார்கள். குறை அங்கே இல்லை.

குல்லிக், மக்னமாரா, ஹாம்பிரிக் ஆகியோர் 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 6,096 வீரர்களின் பயிற்சி வரலாற்றை அலசியது; அவர்களில் 772 பேர் உலகின் உச்ச வரிசையினர். இவர்கள் தேசிய மட்டத்தோடு நின்றவர்களைவிடப் பிந்தியே தம் துறைக்கு வந்திருந்தனர். சிறுவயதில் பிற விளையாட்டுகளைக் கூடுதலாகப் பயின்றிருந்தனர். இளையோர் பிரிவில் முன்னணிக்கு வந்தவர்களிடம் நிலைமை நேர்மாறு. பிறவித் திறமை உள்ளவர் எதையும் ஆடுவார், அதனால் வந்த கணக்கு இது என்று மறுக்கலாம். ஆனால் உச்சம் தொட்டவர்களின் தொடக்க முன்னேற்றம் மற்றவர்களைவிட மெதுவானது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது; பிறவித் திறமை மட்டுமே காரணமென்றால் அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். வலயம், மாகாணம் என்று ஏறும் நமது வயதுப்பிரிவுப் போட்டிகளோ பெரும்பாலும் முந்தி வளர்ந்த உடம்புக்கே பதக்கம் தருகின்றன. முத்தையா முரளிதரன் ஏறத்தாழ 14 வயதுவரை மித வேகப் பந்துவீச்சாளர். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லியே சுழலுக்கு மாறினார். ஒரே விளையாட்டுக்குள் நடந்த மாற்றம்தான், என்றாலும் அந்த வயதில் அவருக்கு முடிவான முத்திரை குத்தியிருந்தால் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் இல்லை.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளமையிலேயே உச்சம் காணும் துறைகள் விதிவிலக்கு. அங்கும் சர்வதேசச் சம்மேளனம் 1997 முதல் மூத்தோர் போட்டிக்கு 16 வயதை வரம்பாக்கியது. தேர்ச்சிக்குப் பத்தாயிரம் மணித்தியாலப் பயிற்சி வேண்டும் என்பவர்கள், அந்தக் கணக்கு வயலின் மாணவர்களை ஆராய்ந்த 1993ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து கிளம்பியது என்பதை மறந்துவிடுகிறார்கள். வலுவான ஆட்சேபம் வேறொன்று: பயிற்றுநர் இல்லாமல் பல விளையாட்டு ஆடினால் எதிலும் நுட்பம் வராது. உண்மைதான். மேற்சொன்ன ஆய்விலும் பயிற்றுநரின் கீழ் நடந்த பயிற்சியிலேயே அந்த வேறுபாடு தெரிந்தது. அத்துடன், பல துறை என்பது எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணிப்பதுமன்று. காலையில் ஓட்டம், பின்னேரம் வலைப்பந்து என்று இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அளவாகவே தெரியும். முழங்காலுக்கு அவை ஒரே சுமை. வாரப் பயிற்சி மணித்தியாலம் பிள்ளையின் வயது எண்ணைத் தாண்டும்போது மிகைப்பயன்பாட்டுக் காயம் கூடுவதை அமெரிக்க மருத்துவர் ஜயந்தியின் குழு கண்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் தனித்துறைத் தெரிவை 15, 16 வயதுவரை தள்ளிவைக்கச் சொன்னபோது, வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வையும் சேர்த்தே சொன்னது.