கண்புரை அறுவைக்குப் பின் ஊமைக்காயம்: ஒரு மாத எச்சரிக்கை போதுமா?

கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் எச்சரிக்கைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தலைக்கு ஊற்றக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. இவற்றுக்குக் கெடு ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். கிருமித் தொற்றைப் பொறுத்தவரை இந்தக் கெடு நியாயமானது. கடுமையான உட்கண் தொற்று பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள்தான் தலைகாட்டுகிறது. ஆனால் அடிபடும் ஆபத்துக்கும் அதே கெடுவை வைத்ததற்கு உடற்கூற்றில் ஆதாரம் இல்லை. அந்த ஆபத்தைத் தீர்மானிப்பது அறுவை நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைவிட, எவ்வளவு நீளத்துக்கு, எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்பதே.

கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான கார்னியாவில் ரத்த நாளங்கள் கிடையாது. அதனால் அங்கே வெட்டு ஆறுவது மெதுவாக நடக்கிறது. ஆறிய தழும்பும் பழைய திசுவின் முழு வலுவை ஒருபோதும் எட்டுவதில்லை. கண்ணில் முட்டியோ பந்தோ மோதும்போது, உள்ளிருக்கும் திரவம் அமுங்காது என்பதால், அழுத்தம் நொடியில் எல்லாப் பக்கமும் ஏறுகிறது. கத்தி படாத கண் கிழிந்தால், அது பெரும்பாலும் கார்னியாவின் விளிம்பிலோ, வெண்விழிச் சுவரான ஸ்கிளீரா 0.3 மி.மீ. அளவுக்கு மெலிந்திருக்கும் தசைப் பிடிப்புகளுக்குப் பின்னாலோ கிழியும். அறுவை செய்த கண் பெரும்பாலும் பழைய வெட்டிலேயே வாய் பிளக்கிறது. அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்து அடிபட்ட கண்களிலும் இது பதிவாகியுள்ளது.

வெட்டின் நீளத்துக்கேற்ப விளைவும் மாறுகிறது. 1990களின் தொடக்கம்வரை இந்தியாவில் பரவலாக நடந்த பழைய முறையில் வெட்டு 10 முதல் 12 மி.மீ. அது பிளந்தால் கண்ணின் உள்ளுறுப்புகளே வெளியே வரும். தையலில்லாச் சிறு வெட்டு முறையில் 6 அல்லது 7 மி.மீ. சுரங்கம். இங்கே ஏமாற்றும் ஒரு தோற்றம் உண்டு: மேலிமையைத் தூக்கிப் பார்த்தால் வெண்விழியை மூடிய மெல்லிய சவ்வு கிழியாமல் இருக்கும், அதன் அடியில் ரத்தம் கட்டிய ஒரு புடைப்பு, உள்ளே வைத்த லென்ஸ் அங்கே வந்து கிடக்கும். வெளியில் காயமில்லாததால், ‘வெறும் சிவப்பு’ என்று தாய்ப்பாலோ வீட்டிலிருக்கும் சொட்டு மருந்தோ விட்டு நாள் கடத்துகிறார்கள்.

1967இல் அமெரிக்கக் கண் மருத்துவர் கெல்மன் அறிமுகப்படுத்திய, புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறை இன்று 3 மி.மீ.க்கும் குறைந்த வெட்டில் முடிகிறது. அதற்குமா இந்தக் கவலை என்று கேட்கலாம். ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தகைய கண்களிலும் அடிபட்ட வேகத்தில் கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸ் வேரோடு பிய்ந்து சிறு வெட்டு வழியே வெளியேறியிருக்கிறது. லென்ஸ் மட்டும் இடம் மாறாமல் இருந்திருக்கிறது. வெட்டு ஒரு வால்வைப்போலத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றியதால்தான் கண் தப்பியது என்று சிலர் வாதிடுகிறார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆறிவிட்டதாக நினைத்த வெட்டு திறந்துகொள்ளும் என்பதைத்தான் அந்த விளக்கமும் ஒப்புக்கொள்கிறது. தவிர, நம் இலவச அறுவைகளில் பெரும்பகுதி இன்றும் சிறு வெட்டுச் சுரங்க முறைதான்.

இப்படிச் சொன்னால் முதியவர்கள் அறுவைக்கே வர அஞ்சுவார்கள் என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் சான்று அறுவையின் பக்கமே நிற்கிறது. 70 வயது கடந்த பெண்களிடம் நாட்டிங்ஹாமில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், முதல் கண்ணுக்கு விரைவில் அறுவை செய்துகொண்டவர்கள் கீழே விழுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முதியவர்களின் கண் கிழிவதற்கு விழுதலே முக்கியக் காரணங்களில் ஒன்று. எனவே புரையை வளரவிட்டுத் தடுமாறுவது எவ்வகையிலும் பாதுகாப்பாகாது. நிகழ்வு அரிது என்ற ஆட்சேபமும் உண்மைதான். ஆனால் நேர்ந்தால் பார்வை திரும்புவது கடினம், முன்கூட்டிச் சொல்வதற்கு ஆகும் செலவோ டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரி.

அந்தச் சீட்டில் வெட்டின் வகையும் அளவும் இருக்க வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் அடிபட்ட கண்ணைக் கசக்காமல், அழுத்திக் கட்டாமல் அன்றே வர வேண்டும் என்ற வாசகமும் வேண்டும். ஒற்றைக் கண் பார்வையோடு இருப்பவருக்குப் பாலிகார்பனேட் கண்ணாடியை நிரந்தரமாகவே எழுதித் தரலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து சிவந்த கண்ணோடு ஒரு முதியவர் இரவில் அவசரப் பிரிவுக்கு வந்தால், பணியிலிருக்கும் மருத்துவர் இமையைத் தொடுமுன் கேட்க வேண்டியது: “இது ஆபரேஷன் ஆன கண்ணா?”